ஓமந்தூரார் அரசினர் தோட்டம்: இடிப்பும் மறுகட்டுமானமும்

ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்பது சென்னை அண்ணா சாலையும் வாலாஜா சாலையும் சேரும் பகுதியில் உள்ள அரசு வளாகமாகும். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண ஆட்சித் தலைவராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் பெயர் இதற்கு இடப்பட்டுள்ளது. ஒரு கட்டடத்தின் பயன் எத்தனை முறை மாறக்கூடும் என்பதையும், இடித்துவிட்டால் அந்த வாய்ப்பே இல்லாமற் போகும் என்பதையும் இவ்வளாகத்தின் வரலாறு காட்டுகிறது.

தொடக்கக் கட்டடங்கள்

1753ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தோனியா டி மெதைரோஸ் என்ற அம்மையாரிடமிருந்து இங்கிருந்த தோட்ட வீட்டை ஆளுநருக்காக வாங்கியது. அதுவே விரிவாக்கப்பட்டு அரசினர் மாளிகை ஆயிற்று. இராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் ஆளுநராக இருந்தபோது, அதன் அருகே விருந்து மண்டபம் ஒன்று எழுந்தது. பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிகளின் நினைவாக 1802இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மண்டபத்தை வடிவமைத்தவர் வானியலாளர் ஜான் கோல்டிங்காம். இன்றைய இராஜாஜி மண்டபம் அதுவே.

மாறிய பயன்கள்

வெள்ளையர் விருந்துண்ட அம்மண்டபத்தில் 1938, 1939ஆம் ஆண்டுகளில் சட்டமன்றம் கூடியது. பின்னாளில் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டதும் அதே இடத்தில்தான்.

1952 பொதுத்தேர்தலுக்குப் பின் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கை 375 ஆனது. அத்தனை பேரும் அமர இத்தோட்டத்தில் புதிய மன்றம் கட்டப்பட்டது. 1956 இறுதிவரை அவை அங்கு நடைபெற்றது. மொழிவாரி மாநிலப் பிரிவினைக்குப் பின் சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் திரும்பவே, அக்கட்டடம் பாலர் அரங்கமாகி, பின்னர் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனின் நினைவாகக் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்றது.

இடிப்பும் புதிய வளாகமும்

2008இல் தி.மு.க. அரசு இங்குப் புதிய தலைமைச் செயலக, சட்டமன்ற வளாகப் பணியைத் தொடங்கியது. இதற்காகப் பழைய அரசினர் மாளிகையும் கலைவாணர் அரங்கமும் இடிக்கப்பட்டன. இராஜாஜி மண்டபம் தப்பியது. வளாகத்தை வடிவமைத்தது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஜி.எம்.பி. என்ற கட்டடக்கலை நிறுவனம். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். விழா நாளில் குவிமாடம் முடிவடையாததால், கலை இயக்குநர் தோட்டா தரணி அமைத்த தற்காலிகக் குவிமாடமே மேலே நின்றது.

2011இல் ஆட்சி மாறியது. புதிய அ.தி.மு.க. அரசு சட்டமன்றத்தை மீண்டும் கோட்டைக்கே கொண்டுசென்றது. சட்டமன்றத்திற்காகக் கட்டியது பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக மாற்றப்பட்டு, 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அருகே 2016இல் புதிய கலைவாணர் அரங்கமும் எழுந்தது. கொரோனா காலத்தில் இடைவெளி விட்டு அமரக் கோட்டையில் இடம் போதாததால், 2020 செப்டம்பரில் சட்டமன்றம் அந்த அரங்கில்தான் கூடியது.

பெர்லின் ஒப்பீடு

இதே காலத்தில் ஜெர்மனியின் பெர்லினிலும் இத்தகைய நிகழ்வு நடந்தது. போரில் சேதமுற்ற பழைய அரண்மனையைக் கிழக்கு ஜெர்மனி அரசு 1950இல் இடித்தது. அவ்விடத்தில் 1976இல் திறந்த ‘குடியரசு மாளிகை’யில் நாடாளுமன்றமும் கலையரங்கும் ஒருங்கே இருந்தன. ஜெர்மனி இணைந்தபின் அதுவும் 2006 முதல் 2008 வரை இடிக்கப்பட்டது. அதன்பின் பழைய அரண்மனையின் வெளித்தோற்றத்துடன் ஹம்போல்ட் மன்றம் என்ற அருங்காட்சியக வளாகம் கட்டப்பட்டது. முன்பு இடித்ததன் வடிவத்தையே மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. எனினும் அது பழைய அரண்மனை ஆகாது.

மதிப்பீடு

சட்டமன்றத்திற்கென்று கட்டியது மருத்துவமனையாக மாறியதில் ஒரு பாடம் உண்டு. இரண்டாண்டுகூட முழுமையாக முதற்பயனுக்கு உதவாத கட்டடம், இடிக்கப்படாததால் இன்று நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. விருந்து மண்டபம் அவை மண்டபமாகவும் அஞ்சலி மண்டபமாகவும் ஆனதற்கும் அது நிலைத்து நின்றதே காரணம். இரண்டரை நூற்றாண்டு கண்ட அரசினர் மாளிகைக்கு மட்டும் அவ்வாறு மற்றொரு பயனைப் பெறும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஒரு கட்டடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று அடுத்து வரும் அரசு மாற்றி முடிவெடுக்கலாம். இடித்த முடிவை எந்த அரசாலும் மாற்ற இயலாது.