வெயில் பட்டு டிராகுலா செத்த கதை

டிராகுலா மேல வெயில் பட்டா பொசுங்கிப் போயிடும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா பிராம் ஸ்டோக்கர் 1897ல் எழுதின மூல நாவலில் அப்படி எதுவுமே கிடையாது!

அந்த நாவலில் டிராகுலா பட்டப்பகல்ல லண்டன் பிக்காடிலி தெருவில் நின்னு ஒரு அழகான பொண்ணை வெறிச்சுப் பார்க்கும். பகல்ல அதோட சக்தி குறையும், அவ்வளவுதான். கடைசியில் அது சாகிறதும் கத்திக்குத்துலதான்.

அப்போ இந்த வெயில் விஷயம் எங்கிருந்து வந்துச்சு? ஒரு திருட்டுப் படத்திலிருந்து. கோர்ட்டே அழிக்கச் சொன்ன படம் அது.

"நாவல்ல இருக்கிற மாதிரி படம் இல்லையே"ன்னு ஒவ்வொரு தடவையும் புலம்புற ஆள் நான். அந்தப் புலம்பலை எனக்கே சந்தேகமாக்கின படம் இதுதான். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல நாவல். அது டாக்டர்களின் கதைன்னே சொல்லலாம். ஸ்டோக்கரின் அண்ணன் தார்ன்லி டப்ளினில் சர்ஜன். தலையில் அடிபட்டால் என்ன ஆகும்னு தம்பிக்குக் குறிப்பு கொடுத்தவர் அவர். கதையில் வான் ஹெல்சிங், சீவர்ட்னு ரெண்டு டாக்டர்கள். ரத்தம் இழந்து கிடக்கிற லூசிக்கு நாலு ஆண்களின் ரத்தத்தை ஒவ்வொருத்தரா ஏத்துவாங்க. எந்த குரூப், மேட்ச் ஆகுதா, ஒண்ணும் பார்க்கிறதில்லை! பார்க்கவும் முடியாது. லேண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைப் பற்றி எழுதினது 1901ல்தான். இன்னைக்குப் படிக்கிற எந்த டாக்டருக்கும் டிராகுலாவை விட அந்த நாலு டிரான்ஸ்ஃப்யூஷன்தான் பயங்கரம்.

இப்போ படம். 1922, பெர்லின். பிரானா ஃபிலிம்னு ஒரு புதுக் கம்பெனி. இயக்குநர் முர்னாவ். நாவலின் உரிமையை வாங்காமலே எடுத்தாங்க. டிராகுலா ஓர்லாக் பிரபு ஆச்சு, ஹார்க்கர் ஹட்டர் ஆனான், லண்டனுக்குப் பதில் விஸ்போர்க்னு ஒரு கற்பனை ஜெர்மன் ஊர், வருஷம் 1838. பேர் 'நோஸ்ஃபெராட்டு'. இவ்வளவு மாத்தின புத்திசாலிகள், ஸ்டோக்கர் நாவலைத் தழுவியதுன்னு படத்துலயே போட்டுட்டாங்க. திருடினவன் விசிட்டிங் கார்டையும் வெச்சுட்டு வந்த மாதிரி.

ஆனா அவங்க செஞ்ச பெரிய மாற்றம் பேர்களில் இல்லை.

நாவலில் டிராகுலா வர்ற கப்பல் கரை தட்டினதும் ஒரு பெரிய நாய் குதிச்சு ஓடும். படத்தில் கப்பலோட எலிகள் வரும். ஊர்ல பிளேக் பரவும். இந்த இடத்தில் கொஞ்சம் நிக்கணும்.

பிளேக் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டுபிடிச்சது 1894. நாவல் வந்த 1897ல் நம்ம பம்பாய் பிளேக்கில் தத்தளிச்சுக்கிட்டு இருந்தது. ஆனா எலித்தெள்ளுதான் நோயைக் கடத்துதுன்னு பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டுபிடிச்சது 1898ல்தான், அதாவது நாவல் வந்து அடுத்த வருஷம். அதை மத்தவங்க ஏத்துக்க இன்னும் பல வருஷம் ஆச்சு. 1922ல் படம் பார்க்க வந்தவங்களுக்கு எலின்னா என்னன்னு தெரியும். 1838ல் வாழுற கதைமாந்தர்களுக்குத் தெரியாது. தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவன் பதறுவான், திரையில் இருக்கிறவன் சும்மா இருப்பான்.

அதோட 1918 ஃப்ளூ முடிஞ்சு நாலு வருஷம்கூட ஆகலை. படத்தில் ஒருத்தர் தமுக்கடிச்சு, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வராதீங்கன்னு அறிவிப்பார். வீட்டுக் கதவுகளில் சாக்பீஸால் சிலுவைக் குறி போடுவாங்க. தெருவில் வரிசையா சவப்பெட்டிகள் போகும். 2020க்கு முன்னாடி நான் இதை ஒரு பழைய படமாத்தான் பார்த்தேன். அதுக்கு அப்புறம் பார்த்தப்போ அந்த சாக்பீஸ் காட்சியில் நிறுத்திட்டு எழுந்து போயிட்டேன்.

ஸ்டோக்கர் எழுதினது ஒரு அந்நியனைப் பற்றின பயம். முர்னாவ் அதைத் தொற்றுநோய் பற்றின பயமா மாத்திட்டார். அப்படியே நாவலை எடுத்திருந்தா இது கிடைச்சிருக்காது.

சரி, அப்போ திருடினது நியாயமா? இல்லை. ஸ்டோக்கர் 1912ல் இறந்துட்டார். மனைவி ஃப்ளோரன்ஸுக்குச் சொத்துன்னு பெருசா இருந்தது இந்த நாவலின் உரிமைதான். பெர்லினில் படம் ஓடுற செய்தி தெரிஞ்சப்போ அவங்களுக்கு அறுபதைத் தாண்டின வயசு. கேஸ் போட்டாங்க. பிரானா கம்பெனி அதுக்குள்ள திவால். காசு வராதுன்னு ஆனதும், படத்தையே அழிக்கணும்னு கேட்டாங்க. 1925ல் கோர்ட் அப்படியே உத்தரவு போட்டது. சினிமா ரசிகர்கள் பலர் இந்தம்மாவை வில்லியாவே எழுதுறாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவங்க இடத்துல நம்ம பாட்டி இருந்தா நாம என்ன சொல்லியிருப்போம்?

பிரதிகள் அதுக்குள்ள வெளிநாடுகளுக்குப் போயிருந்ததால படம் பிழைச்சது.

இன்னொரு வேடிக்கை. உரிமையை முறையா விலை கொடுத்து வாங்கி யுனிவர்சல் எடுத்தது 1931 படம், பெலா லுகோசி நடிச்சது. அதுவாவது நாவல் மாதிரி இருக்கான்னு பார்த்தா, நாவலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மேடை நாடகம் இருக்கு. டிரான்சில்வேனியாவுக்கு ஹார்க்கர் போகாம ரென்ஃபீல்ட் போறான்! ஆனா ஃப்ளோரன்ஸுக்குப் பணம் வந்தது, அதனால யாரும் கேஸ் போடலை.

அந்த வெயிலுக்கு வரேன். நாவலில் டாக்டர்களும் நண்பர்களும் சேர்ந்து துரத்திப் போய் ஜெயிப்பாங்க. படத்தில் ஹட்டரின் மனைவி எல்லன், கோழி கூவுற வரைக்கும் ஓர்லாக்கைத் தன்கிட்டயே நிறுத்தி வைக்கிறா. அது நேரத்தை மறந்துடுது. ஜன்னல் வழியா விடியல் வெளிச்சம் படுது, புகையாப் போகுது. அதுக்கு அப்புறம் வந்த எத்தனையோ ரத்தக்காட்டேரிப் படங்கள் இந்த விதியை இங்கிருந்துதான் எடுத்துக்கிட்டது.

வான் ஹெல்சிங்குக்குப் பதிலா படத்தில் புல்வர்னு ஒரு பேராசிரியர் வருவார். பூச்சி தின்னும் செடியை மாணவர்களுக்குக் காட்டி அருமையா பாடம் நடத்துவார். ஊருக்கு அவரால ஒரு பிரயோஜனமும் இல்லை. விடியற்காலையில் ஹட்டர் ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கிட்டு வர்றான். அவங்க வந்து சேரும்போது எல்லனுக்குச் செய்ய எதுவும் பாக்கி இல்லை.

படம் இணையத்தில் இலவசமாவே கிடைக்குது. ஒன்றரை மணி நேரம்தான். ராத்திரி பாருங்க.