கோலார் தங்கவயல் தமிழ் விவாத மரபு

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளரிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றிய வாசிப்பு, வாத மரபு. ஆட்கள் பெருகப் பெருக இது மேடைப் பேச்சாக மாறியது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே சுரங்க வேலையை ஏற்றபின், வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள் வந்து 'லைன்' எனப்பட்ட வரிசை வீடுகளில் குடியேறினர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு தங்கவயலின் மாரிகுப்பத்தில் கிளை அமைந்தது. அவர் 1907 ஜூன் 19 முதல் நடத்திய 'ஒரு பைசாத் தமிழன்' (மறு ஆண்டிலிருந்து 'தமிழன்') வார இதழுக்கு இவ்வூரார் பெருந்துணை. சாதி, சமயம், சரித்திரம் பற்றி வாசகர் ஐயம் எழுதியனுப்ப, பண்டிதர் பழநூல்களைச் சான்று காட்டி அச்சில் விடை சொன்னார். நாளெல்லாம் பாறை உடைத்த மக்கள் இலக்கணத்தையும் வரலாற்றையும் வாதிட்டுப் படித்தது தமிழ் அறிவுலகம் பெருமைப்பட வேண்டிய செய்தி. பண்டிதரின் திருக்குறள் உரை இதழில் தொடராக வந்து, 1914இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது.

1926இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். சுயமரியாதை இயக்கமும் இங்கே பரவியது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் தொழிற்சங்கங்களும் அம்பேத்கரிய, கம்யூனிச, திராவிடக் கட்சிகளும் வலுப்பெற்றன.

இப்படிக் கூட்டம் பெருகியபோது வாதம் மெலிந்தது. அதற்குக் காரணம் மக்களின் அறிவுக்குறைவு என்பது அபாண்டம். பத்துப் பேர் கூடினால் எவரும் குறுக்கிட்டுக் கேட்கலாம்; பத்தாயிரம் பேர் கூடும் மைதானத்தில் ஒருவர் பேச மற்றவர் கைதட்டத்தான் முடியும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய வாதங்கள் தெரியா. அவற்றைச் சொல்லிக்கொடுக்க மூத்தோருக்கு நேரம் போதாது. வேலைநிறுத்த நாளில் ஐயம் எழுப்புகிறவரைக் கருங்காலி என்றுகூடச் சந்தேகிப்பார்கள். அமைப்பு பெருத்தால் அதிகாரம் சிலர் கையில் சேரும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மிஷெல்ஸ் 1911இல் ஐரோப்பியத் தொழிலாளர் கட்சிகளைக் கண்டு எழுதினார். தங்கவயலுக்கும் அது பெரிதும் பொருந்தும். ஆனால் கூலியும் உரிமையும் திரள் சேர்ந்ததால் கிடைத்தவை. சிறு அவையால் அவற்றை வென்றிருக்க முடியாது.

1999இல் ஞான. அலாய்சியஸ் பண்டிதரின் எழுத்துகளை 'அயோத்திதாசர் சிந்தனைகள்' எனப் பாளையங்கோட்டையிலிருந்து தொகுத்து வெளியிட்ட பிறகே, அந்தக் கேள்வி பதில்கள் பரவலான வாசகருக்கு எட்டின. சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது.