விருப்பப் பாடல் தொகுப்பு: நேயர் விருப்பம் முதல் பிளேலிஸ்ட் வரை

கேட்பவர் தமக்குப் பிடித்த பாடல்களைத் தாமே தேர்ந்தெடுத்து, தாம் விரும்பும் வரிசையில் அடுக்கி, தாம் கேட்பதற்கோ இன்னொருவருக்குக் கொடுப்பதற்கோ உருவாக்குவது விருப்பப் பாடல் தொகுப்பு. கேசட், குறுந்தகடு, மெமரி கார்டு, செயலியில் சேமிக்கும் பிளேலிஸ்ட் என்று அது காலத்துக்குக் காலம் வடிவம் மாறி வந்திருக்கிறது. இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் ஆகியோரைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறோம். அவர்கள் தந்த பாடல்களை வைத்துக்கொண்டு கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது இந்தத் தொகுப்புகளில்தான் தெரிகிறது. ஏறத்தாழ 1980 முதல் 2000 வரை தமிழ்நாட்டின் ஊர்களில் இயங்கிய ரெக்கார்டிங் சென்டர்கள் இவ்வரலாற்றின் செழிப்பான பகுதி. எனவே இக்கட்டுரை அவற்றை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்கிறது.

அஞ்சலட்டைக் காலம்

கிராமபோன் வசதியுள்ள வீடுகளில் மட்டுமே இருந்த நாளில், ஒரு பாட்டைக் கேட்டு வாங்கும் வழி பெரும்பாலோருக்கு வானொலிதான். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இருந்த இடத்தைக் குறுக்கினார். நேயர்கள் ரேடியோவை இலங்கைக்குத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து ஒலித்த தமிழ் வர்த்தக சேவை தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமங்கள் வரை தெளிவாகக் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் இங்குள்ள வீடுகளில் உறவினர் குரல்கள்போலப் பழகின. டெல்லியும் தன் போக்கை மாற்றிக்கொண்டு 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கியது.

'நேயர் விருப்பம்' நிகழ்ச்சிக்கு அஞ்சலட்டையில் பாட்டின் முதல் அடி, படத்தின் பெயர், கேட்பவர்களின் பெயர்கள், ஊர் ஆகியவற்றை எழுதிப் போடுவார்கள். ஒரே பாட்டைப் பலர் கேட்டிருந்தால் அறிவிப்பாளர் எல்லாப் பெயர்களையும் வாசித்துவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். அக்காள், தம்பி, அத்தை பிள்ளைகள் என்று வீட்டிலுள்ள அத்தனை பெயர்களையும் அட்டையில் ஏற்றுவது வழக்கம். ஒருவருடைய ரசனை ஊரறிய ஒலித்தது. ஆனால் எந்தப் பாட்டு எப்போது, எதற்கு அடுத்து வரும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நிலையத்திடமே இருந்தது.

நாடா வீட்டுக்கு வருகிறது

அந்த அதிகாரத்தைக் கேட்பவர் கையில் கொடுத்தது கேசட். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் தலைமையில் உருவாக்கி, 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்பதே ஓட்டன்ஸ் வைத்த அளவுகோல். மற்ற நிறுவனங்களும் கட்டணமின்றி அதைத் தயாரிக்க பிலிப்ஸ் அனுமதித்ததால் உலகமெங்கும் ஒரே அளவு கேசட் நிலைபெற்றது. அதற்கு முன் இருந்த ஸ்பூல் டேப் ரெக்கார்டர் கனமானது, விலை அதிகமானது. சபா கச்சேரிகளை ஸ்பூலில் பதிந்து தமக்குள் பகிர்ந்துகொண்ட கர்நாடக இசை ரசிகர்களைத் தவிர அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

எழுபதுகளின் இறுதியில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் நடந்த முதல் பதிவுகள் வானொலியிலிருந்து எடுத்தவையே. பிளே பொத்தானையும் ரெக்கார்ட் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, பாஸ் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அறிவிப்பாளரின் பேச்சு பாட்டின் முன்னிசையின்மேல் விழுந்துவிடும், பல்லவியின் முதல் சொல் போய்விடும். அப்படிப் பதிந்த கேசட்டுகளில் இலங்கை அறிவிப்பாளர்களின் குரல்களும் தற்செயலாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

ரெக்கார்டிங் சென்டர்

வானொலிப் பதிவில் இருந்த குறைகளைத் தீர்த்தது கடை. பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சிறு அறை, சுவர் நிறைய எல்.பி. இசைத்தட்டுகள், ஒரு டர்ன்டேபிள், ஆம்பிளிஃபயர், இரண்டு மூன்று டெக், வெளியே தெருவைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர். 'மியூசிக்கல்ஸ்', 'ஆடியோஸ்', 'ரெக்கார்டிங் சென்டர்' என்று பெயர்ப்பலகை இருக்கும். புதுப்பட இசைத்தட்டு வந்துவிட்டதை அந்த ஸ்பீக்கர்தான் ஊருக்குச் சொல்லும்.

வாடிக்கையாளர் நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாடல்களை வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டு வருவார். பிளாங்க் கேசட்டை அவரே கொண்டுவரலாம், கடையிலும் வாங்கலாம். டிடிகே, சோனி, மேக்ஸெல் ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு. கையில் காசு குறைவென்றால் உள்நாட்டுக் கேசட். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. ஒரு திரைப்பாடல் நாலரை நிமிடம் என்று வைத்தால் சி-60இல் பக்கத்துக்கு ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. தேர்வு முழுவதும் இந்தக் கணக்குக்குள் நடந்தாக வேண்டும். இருபது பாட்டு பிடித்திருந்தாலும் பன்னிரண்டைத்தான் எழுத முடியும். எட்டை விட்டுவிட வேண்டியிருந்த அந்த நெருக்கடிதான் பட்டியலுக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்தது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

சில நாள் கழித்து வந்தால் கேசட் தயாராக இருக்கும். கடைக்காரர் முத்துமுத்தான கையெழுத்தில் 'ஏ', 'பி' என்று பக்கம் பிரித்துப் பாடல்களை அட்டையில் எழுதியிருப்பார். கேட்ட பாட்டு அவரிடம் இல்லையென்றால் அதே பாடகரின் இன்னொரு பாட்டு அந்த இடத்தில் இருக்கும். பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால், பாட்டைப் பாதியில் வெட்டுபவர் ஒரு வகை. பொருத்தமான இசைத் துணுக்கு ஒன்றைத் தேடி நிரப்பித் தருபவர் இன்னொரு வகை. இரண்டாம் வகைக் கடைக்கே ஊரில் பெயர் இருந்தது. "இந்தப் பாட்டுக்கு அடுத்து அது வேண்டாம் தம்பி, எடுபடாது" என்று வரிசையை மாற்றச் சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. நூலகருக்கும் பதிப்பாசிரியருக்கும் உரிய வேலையை, அந்தப் பட்டங்கள் எதுவும் இல்லாமல் அவர்கள் செய்தார்கள். பதிந்த பாட்டு தவறுதலாக அழியாமலிருக்க, கேசட்டின் விளிம்பிலுள்ள இரு சிறு தகடுகளை உடைத்துவிடுவார்கள். மறுபடி பதிய நினைப்பவர் அந்தப் பள்ளத்தில் காகிதத்தை மடித்துத் திணிப்பார்.

தமிழ் இசைச் சந்தை அன்று படம் படமாகவே விற்றது. ஒரு படத்தின் பாடல்கள் ஒரு கேசட்டில் வரும். இரண்டு படங்களை ஏ பக்கம், பி பக்கம் என்று சேர்த்து விற்பதும் பரவலாக இருந்தது. பதிவு கேசட் இந்தக் கட்டமைப்பைக் கலைத்துப் போட்டது. எஸ். ஜானகி தனித்துப் பாடியவை, எஸ்.பி.பி.யின் சோகப் பாடல்கள், எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள், அம்மா பாடல்கள், மழைப் பாடல்கள் என்று குரல், பொருள், மனநிலை சார்ந்த வகைகளைக் கேட்டவர்களே உண்டாக்கினார்கள். படம் ஓடாமல் போனதால் மறைந்திருக்க வேண்டிய எத்தனையோ பாடல்கள் இந்தப் பட்டியல்களில் ஏறி உயிர் பிழைத்தன. 'அன்னக்கிளி' வெளிவந்த 1976 முதல் இளையராஜா ஆண்டுக்கு ஆண்டு குவித்த பாடல்களிலிருந்து அவரவர்க்கான இளையராஜாவைத் தேர்ந்தெடுக்க இப்படி ஒரு வழி தேவைப்பட்டது. பின்னாளில் நிறுவனங்கள் வெளியிட்ட 'ஹிட்ஸ்' தொகுப்புகளின் பெயர்களைப் பார்த்தால், கடைத் தாள்களில் ஏற்கெனவே இருந்த வகைகளே அச்சில் வந்திருப்பது தெரியும்.

கேசட்டுகள் கைமாறிய விதமும் கவனிக்கத் தக்கது. காதலைச் சொல்லத் துணியாதவர்கள் பன்னிரண்டு பாட்டின் வரிசையில் அதைச் சொல்லிவிட்டு, அட்டையில் பெயர் எழுதாமல் கொடுத்தார்கள். கடல் கடந்து வேலைக்குப் போகிறவரின் பெட்டியில், வீட்டார் பேசிப் பதிந்த கேசட்டோடு பாட்டுக் கேசட்டும் போனது. தனியார் பேருந்து ஓட்டுநர்கள் காலைக்கு ஒன்று, இரவுப் பயணத்துக்கு ஒன்று என்று பதிந்து வைத்திருந்தார்கள். பாட்டுக்காகவே ஒரு குறிப்பிட்ட பேருந்துக்குக் காத்திருந்து ஏறியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. டீக்கடையும் சலூனும் மைக் செட்காரரும் இதே கடைகளின் வாடிக்கையாளர்கள்தாம்.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய கடைக்கு ரெக்கோடிங் பார் என்று பெயர். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போயிற்று. பேட்டரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாயிற்று. மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலியும் கேசட்டும் கேட்டார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்ட அந்தப் பாடல்களுக்குக் கொடுத்த உழைப்பை வேறெங்கும் எவரும் கொடுத்திருப்பார்களா என்பது ஐயமே.

சட்டம்

காசு வாங்கிக்கொண்டு பாட்டைப் பதிந்து கொடுப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். 1984இல் சட்டம் திருத்தப்பட்டு, பிரிவு 63இன்கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை வந்தது. ஒலிப்பதிவுகளில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிமையாளர், ஆண்டு ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்று 52ஏ பிரிவும் சேர்க்கப்பட்டது. காவல் துறை சோதனைக்கு வரும்போது கடைகள் மூடும். சில நாளில் திறக்கும்.

இந்தச் சிக்கல் இங்கு மட்டும் எழவில்லை. வீட்டுப் பதிவு இசையைக் கொல்கிறது என்று பிரிட்டன் இசைத்தட்டு நிறுவனங்கள் 1981இல் பிரசாரம் செய்தன. இரட்டை டெக் விற்றதற்காக ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு 1988இல் பிரபுக்கள் சபையில் தோற்றது. ஜெர்மனி 1965இலேயே வேறு வழி கண்டது: பதிவுக் கருவிகளின் விற்பனையிலிருந்து ஒரு தொகையைப் படைப்பாளிகளுக்கு ஒதுக்கியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய பங்கை இழந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மக்கள் கேட்ட வடிவில் பாட்டை விற்க நிறுவனங்கள் அன்று முன்வரவில்லை. ஜெர்மனியின் வழியை இந்தியா எடுத்திருந்தால் கடைக்காரரும் கலைஞரும் ஒருங்கே வாழ்ந்திருக்கலாம்.

எண்ணிக்கை பெருகிய காலம்

எம்பி3 என்ற கோப்பு வடிவத்துக்கு 1995இல் அப்பெயர் அமைந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் செய்த ஆய்வின் பயன் அது. வழக்கமான தரத்தில் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் என்பதால், 700 மெகாபைட் குறுந்தகடு ஒன்றில் 140 பாட்டுக்கு மேல் அடங்கியது. 1997இல் வந்த வினாம்ப் மென்பொருளில் பட்டியலைத் தனிக் கோப்பாகவே சேமிக்கலாம். இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள 1999இல் தொடங்கிய நாப்ஸ்டர், இசைத்தட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்கால் 2001இல் நின்றது. நம் ஊர்களில் ரெக்கார்டிங் கடைகள் ஒவ்வொன்றாக செல்போன் கடைகளாயின. 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற அட்டை தொங்கியது. இருநூறு பாட்டு மொத்தமாக ஏறிய கார்டில் தேர்வும் இல்லை, வரிசையும் இல்லை. 2017இல் சரிகம நிறுவனம் கொண்டுவந்த கார்வான் பெட்டி, ஆயிரக்கணக்கான பழைய பாடல்களை முன்கூட்டியே ஏற்றி, வகை பிரித்துக் கொடுத்தது. செயலிகளைக் கையாளத் தயங்கும் முதியவர்களுக்கு அது பெரிய துணை.

2008இல் ஸ்வீடனில் சேவையைத் தொடங்கிய ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. யூடியூப், ஜியோசாவன் முதலியவற்றிலும் எவரும் பட்டியல் செய்து இணைப்பை அனுப்பலாம். பலர் சேர்ந்து ஒரே பட்டியலை வளர்க்கலாம். இது நல்ல வசதி. அரிய பாடல்களைத் தேடித் தொகுத்து, இசையமைப்பாளர், ராகம், ஆண்டு என்று வகைப்படுத்தி வைத்திருக்கும் ரசிகர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் ஸ்பாட்டிஃபையில் 2015 முதல் திங்கட்கிழமைதோறும் முப்பது பாட்டைக் கணினியே தேர்ந்து தரும் முறையும் வந்துவிட்டது. கேட்பவர் முன்பு கேட்டதையும் அவரைப் போன்றவர்கள் கேட்பதையும் வைத்து அது தேர்கிறது. பாட்டு பொருத்தமாகவே அமைகிறது. எனினும் ஒருவரை நினைத்து இன்னொருவர் தேர்ந்த பட்டியலுக்கு அது ஈடாகாது.

பாதுகாக்க வேண்டியவை

வட இந்தியக் கேசட் வணிகத்தைப் பற்றி அமெரிக்க இசை ஆய்வாளர் பீட்டர் மேனுவல் 1993இல் முழுநூல் எழுதினார். தமிழ்நாட்டு ரெக்கார்டிங் கடைகளுக்கும் அப்படியொரு நூல் வேண்டும். அதற்கான சான்றுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. ஈரத்தில் நாடாவில் பூஞ்சை படரும். சி-90 நாடா சி-60ஐவிட மெல்லியது என்பதால் பழைய டெக்கில் எளிதில் சிக்கி முறுக்கிக்கொள்ளும். பாடல்கள் பெரும்பாலும் வேறிடத்தில் கிடைத்துவிடும். யார், எந்த ஆண்டில், எந்தப் பாட்டுக்கு அடுத்து எதை வைத்தார்கள் என்பது அட்டையில் மட்டுமே இருக்கிறது. பழைய பதிவு கேசட்டுகளை வைத்திருப்பவர்கள் அவற்றைக் குப்பைக்கு அனுப்புமுன் அட்டையின் இரு பக்கங்களையும் படம் எடுத்து, ஊர், கடை, ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். வானொலியிலிருந்து பதிந்தவை இருந்தால் உடனே கணினிக்கு மாற்ற வேண்டும். கடை நடத்தியவர்கள் பலருக்கு இப்போது முதிய வயது. அவர்களிடம் பேச நினைப்பவர்கள் காலம் தாழ்த்தாமல் பேசுவது நல்லது.