கோவிவன் முதல் கழுத்து வில்லை வரை: தகடூர் வட்டாரத்தில் நாயின் அடையாளம்

முன்னுரை

வளர்ப்பு நாயின் கழுத்துப்பட்டையில் கோக்கப்படும் அடையாள வில்லையில் எதனைப் பொறிப்பது என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். நாயின் பெயரா, வளர்ப்பவரின் பெயரா, ஊரா, எண்ணா என்னும் இத்தேர்வுக்குள் ‘இது யார்?’, ‘இது யாருடையது?’ என்னும் இரு வேறு வினாக்கள் அடங்கியுள்ளன. இவற்றுள் முதல் வினாவிற்கு நாயின் பெயரையே விடையாகக் கல்லில் பொறித்த பழஞ்சான்று தருமபுரி மாவட்டத்தை ஒட்டிய செங்கம் பகுதியில் கிடைத்துள்ளது. அச்சான்றையும் இன்றைய அடையாள முறைகளையும் ஒப்பிட்டு, அடையாளக் குறியின் உள்ளடக்கத்தை எது தீர்மானிக்கிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுகல் வட்டாரம்

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அதியமான் மரபினர் ஆண்ட இந்நிலப்பகுதியும் இதன் கிழக்கே அமைந்த செங்கம் பகுதியும் தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் காணப்படும் இடங்களாகும். 1970களில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’, ‘தருமபுரிக் கல்வெட்டுகள்’ ஆகிய தொகுதிகளை வெளியிட்ட பின்னரே இவ்வட்டாரத்தின் ஆநிரைப் பூசல்கள் விரிவான ஆய்வுக்கு உட்பட்டன.

இந்நடுகற்களின் வாசகம் பெரும்பாலும் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகிறது. அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். அடுத்து வீரன் சார்ந்திருந்த தலைவனின் பெயரும், வீரனின் பெயரும், அவன் மடிந்த சூழலும் கூறப்படும். இது அக்காலச் சமூகம் ஒருவனை அடையாளப்படுத்திய முறையாகும். ஒருவன் இன்னார் என்பதோடு இன்னாருடைய ஆள் என்பதும் அதில் இன்றியமையாததாக இருந்தது.

எடுத்தனூர்க் கல் கூறுவது

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியினது. வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவகத்தி, எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்நீத்ததை இக்கல் பதிவு செய்கிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. நாய்க்கெனத் தனியே ஒரு வாசகமும் உண்டு. கோவிவன் எனப் படிக்கப்பட்டுள்ள பெயருடைய அந்நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பது அதன் பொருள்.

இரு வாசகங்களையும் ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. கருந்தேவகத்தி, பொற்றொக்கையார் வழியாகவும் வாணகோ அரைசர் வழியாகவும் அறியப்படுகிறான். கோவிவனோ தன் பெயராலும் செயலாலும் மட்டுமே அறியப்படுகிறது. அதன் உடைமையாளர் யார் என்பதைத் தனியே கூற வேண்டிய தேவை எழவில்லை. அக்கல்லைப் படித்தவர்கள் அவ்வூரார். நாய் யாருடையது என்பதை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர். மறக்கப்படக் கூடியவை பெயரும் செயலுமே ஆதலின் அவையே எழுத்தில் இடம்பெற்றன எனக் கொள்ளலாம்.

இதனோடு கருநாடகத்து ஆதகூர்க் கல்வெட்டை ஒப்பிடலாம். தக்கோலப் போரை ஒட்டி, சக ஆண்டு 872இல் (கி.பி. 949–50) பொறிக்கப்பட்ட அக்கன்னடக் கல்வெட்டு, கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் வீரனான மணலேரன் தன் வீரத்திற்குப் பரிசாகக் கேட்டுப் பெற்ற காளி என்னும் வேட்டை நாயைக் குறிப்பிடுகிறது. காட்டுப்பன்றியோடு பொருது அந்நாயும் பன்றியும் மடிந்தன. இங்கு நாயின் பெயரோடு அதனைப் பெற்றவனின் பெயரும் பெற்ற வரலாறும் இணைந்தே வருகின்றன. காளி, வீரத்தின் சன்மானமாகக் கைமாறிய நாய். ஆகவே அது யாருடையது என்பதும் நினைவின் பகுதியாயிற்று.

குறி நிலைத்தது, வாசிப்பு மறைந்தது

செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்கள் பல வட்டெழுத்தில் அமைந்தவை. அவ்வெழுத்து வழக்கொழிந்த பின் அவற்றைப் படிப்போர் இல்லாமற்போயினர். எனினும் கற்கள் கைவிடப்படவில்லை. அவற்றுள் பல வேடியப்பன் என்னும் பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. வழிபாடு தொடர்ந்தது, ஆனால் வீரனின் தனிப்பெயர் ஊர் நினைவிலிருந்து நழுவியது. கல்வெட்டறிஞர் மீண்டும் படிக்கும் வரை பெயர் கல்லில் இருந்தும் இல்லாததாகவே இருந்தது. படிப்பவர் அற்ற அடையாளம் அடையாளமாகச் செயற்படாது என்பதை இது உணர்த்துகிறது.

இன்றைய மூன்று குறிகள்

இன்று நாய்க்கு இடப்படும் குறிகள் மூவகையின. முதலாவது, கருத்தடை செய்யப்பட்ட தெருநாயின் காதில் இடப்படும் வெட்டு. அது நாயின் பெயரையோ உடைமையாளரையோ கூறுவதில்லை. அறுவை முடிந்தது என்பதை மட்டும் கூறுகிறது. இரண்டாவது, தோலின் அடியில் செலுத்தப்படும் நுண்சில்லு. அதிலுள்ள 15 இலக்க எண்ணைப் படிக்கக் கருவியும், எண்ணுக்குரியவரை அறியப் பதிவேடும் வேண்டும். மூன்றாவது கழுத்து வில்லை. எழுத்தறிந்த எவரும் அதனைப் படிக்கலாம். ஆனால் பட்டை அறுந்தால் அதுவும் தொலையும்.

குறியின்மையின் விளைவு சிறிதன்று. 1832இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் ஆணை செயற்படுத்தப்பட்டபோது வளர்ப்பு நாய்களும் கொல்லப்பட்டன, பார்சிகள் கிளர்ந்தெழுந்தனர். தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை முறை சென்னையில் 1996இல் மாநகராட்சியால் ஏற்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் வளர்ப்பு நாயையும் தெருநாயையும் பிரித்தே நோக்குகின்றன. வழிதவறிய வளர்ப்பு நாய் இப்பிரிவில் எப்பக்கம் சேரும் என்பதைப் பிடிப்பவர் கண்ணில் முதலில் படும் வில்லையே பெரிதும் முடிவு செய்கிறது.

அரூர், பென்னாகரம் போன்ற பகுதிகளின் மலையடிவாரச் சிற்றூர்களில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. ஆடுகளோடு மேய்ச்சலுக்குச் செல்லும் நாய் ஊரெல்லை கடந்துவிடின், அதனைக் காண்பவரிடம் நுண்சில்லைப் படிக்கும் கருவி இராது. கைப்பேசி இருக்கும். எனவே அங்கு வில்லையைத் தேர்வோர் தொடர்பு எண்ணையும் ஊர்ப்பெயரையும் பெரிய எழுத்தில், எளிதில் தேயாத உலோகத்தில், ஆழமாகப் பொறிக்கச் செய்வதே பயன்தரும். நுண்சில்லு அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது.

முடிவுரை

அடையாளக் குறியின் உள்ளடக்கத்தை அதனைப் படிப்பவரே தீர்மானிக்கிறார். எடுத்தனூர்க் கல்லைப் படித்தவர் ஊரார். வாழ்ந்து மறைந்த நாய் அவர்களின் நினைவில் நிலைக்கப் பெயர் வேண்டியிருந்தது. வில்லையைப் படிப்பவர் அயலார். உயிரோடுள்ள நாய் வீடு திரும்ப எண்ணும் ஊரும் வேண்டியுள்ளன. இடம் குறுகிய வில்லையில் நாயின் பெயரை விடுப்பது அதன் மதிப்பைக் குறைப்பதாகாது. அப்பெயரை அழைப்பவர் வீட்டில் இருக்கின்றனர். அவரிடம் அதனைச் சேர்ப்பதே வில்லையின் பணி. காவல் நாயை மதித்துப் பெயர் பொறித்த மரபின் தொடர்ச்சியை இவ்வட்டாரத்தில் தேடுவோர், பொறிக்கப்படும் சொல்லில் மட்டுமன்றி அப்பணி நிறைவேறுவதிலும் அதனைக் காணலாம்.