கடன் தீர்க்க வந்த இசைத்தட்டு

ஹிப்ஹாப் பிறர் உழைப்பில் வாழும் இசை என்றொரு பழைய குற்றச்சாட்டு உண்டு. அதை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1980களில் சாம்ப்ளர் கருவி பரவலான பின், பழைய இசைத்தட்டிலிருந்து சில நொடிகளை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மேல் ராப் பாடுவது வழக்கமாயிற்று. அப்படி வெட்டப்பட்டவற்றில் ஜாஸ் தட்டுகள் ஏராளம். வாசித்தவரின் மூச்சு ஒலிக்கும். அவர் அங்கே இருக்கமாட்டார். 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, அனுமதியின்றி எடுப்பது திருட்டே என்று தீர்ப்பளித்தது.

1993இல் வெளிவந்த 'ஜாஸ்மடாஸ்' முதல் தொகுதியை இந்தப் பின்னணியில் வைத்தே கேட்கவேண்டும். 'கேங் ஸ்டார்' இரட்டையரில் ஒருவரான குரு, வெட்டியெடுத்த துணுக்குகளோடு நின்றுவிடாமல், வாசித்தவர்களையே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தார். வைப்ரஃபோன் கலைஞர் ராய் அயர்ஸ், கீபோர்டு வாசிக்கும் லானி லிஸ்டன் ஸ்மித், சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் ஆகியோர் வந்தனர். பிரிட்டனிலிருந்து கோர்ட்னி பைனும், பிரான்சிலிருந்து எம்.சி. சோலாரும் சேர்ந்துகொண்டனர்.

இவர்களுள் டொனால்டு பைர்டின் வருகை தனித்துச் சொல்லத்தக்கது. 1932இல் டெட்ராய்டில் பிறந்து, 1950களில் ஆர்ட் பிளேக்கியின் குழுவில் டிரம்பெட் வாசித்தவர் அவர். 1973இல் 'பிளாக் பைர்டு' தட்டில் ஃபங்க் இசையின் பக்கம் அவர் திரும்பியபோது, சந்தைக்கு விலைபோய்விட்டார் என்று ஜாஸ் தூய்மைவாதிகள் தூற்றினர். அவர்கள் ஒதுக்கிய அந்த எழுபதுகளின் தட்டுகளைத்தான் ஹிப்ஹாப் இளைஞர்கள் தேடித்தேடி எடுத்தனர். தன் தலைமுறையின் விமர்சகர்கள் தர மறுத்த இடத்தை, பிள்ளைகளின் தலைமுறை அவருக்குத் தந்தது எனலாம்.

குறையும் உண்டு. ஜாஸின் உயிர் உரையாடலில் இருக்கிறது. டிரம்பெட் ஒன்று சொன்னால் தாளவாத்தியம் உடனே மறுமொழி தரும். இத்தொகுப்பிலோ தாளம் பெரும்பாலும் கருவியில் வகுக்கப்பட்டது. பைர்டு எத்தனை நுட்பமாக வாசித்தாலும் அது தன் வட்டத்திலேயே சுழல்கிறது. பெரியவர்களை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்தார்கள். அவர்கள் பேச்சுக்கு முழுமையாகச் செவிகொடுக்கவில்லை.

ஆயினும் அழைத்தார்கள் என்பது சிறிய விஷயமன்று. குரு 2010இலும், பைர்டு 2013இலும், ராய் அயர்ஸ் 2025இலும் மறைந்தனர். அயர்ஸின் இசை சாம்ப்ளர்கள் வழியே ஏற்கெனவே எங்கும் பரவியிருந்தது. இந்தத் தட்டிலோ, அதை வாசிக்க அவரே வந்திருந்தார்.