அசலா, நகலா? ஒரு ஜெர்மன் வெண்கலப் பதக்கத்தின் கதை

பழைய ஜெர்மன் நினைவுப் பதக்கம் ஒன்று உங்கள் கையில் கிடைக்கிறது. அசலா, நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லூசிடானியா பதக்கம் என்றால் ஒரே ஓர் எழுத்தைப் பார்த்தால் போதும்!

1915 மே 7 அன்று, அயர்லாந்துக் கடலோரத்தில் லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மனியின் யு-20 நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் பலியானார்கள். அந்தக் கப்பலில் துப்பாக்கி ரவைகளும் இருந்தன. 'லாபத்துக்காகப் பயணிகளோடு ரவைகளையும் ஏற்றினார்களே' என்று கப்பல் கம்பெனியைக் கிண்டல் செய்து மியூனிக் கலைஞர் கார்ல் கோட்ஸ் ஒரு பதக்கம் செய்தார். ஒரு பக்கம் மூழ்கும் கப்பல். மறுபக்கம் டிக்கெட் விற்கும் எலும்புக்கூடு. மேலே 'எல்லாவற்றையும் விட வியாபாரமே பெரிது' என்ற பொருளில் ஜெர்மன் வாசகம்.

ஆனால் தேதியில் கோட்டை விட்டார். மே 7-க்குப் பதில் மே 5 என்று பொறித்துவிட்டார். விடுமா பிரிட்டன்? 'பார்த்தீர்களா, முன்கூட்டியே திட்டமிட்ட கொலை!' என்று பிரசாரம் செய்தது. சுமார் 2,50,000 நகல்களைப் பெட்டியில் போட்டு, துண்டுப்பிரசுரத்தோடு விற்றது. கோட்ஸ் பிறகு தேதியைத் திருத்தினார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

சரி, அடையாளம் என்ன? ஜெர்மன் பதக்கத்தில் மே மாதம் 'எம்-ஏ-ஐ'. பிரிட்டிஷ் நகலில் ஆங்கில வழக்கப்படி 'எம்-ஏ-ஒய்'. இன்னொன்று, நகல்கள் இரும்பில் வார்க்கப்பட்டவை. காந்தம் ஒட்டினால் அது வெண்கலம் இல்லை.

இன்று அசலை விட நகல்தான் அதிகம் கிடைக்கிறது. எதிரியைக் கேலி செய்யப் பிறந்த பதக்கம், எதிரிக்கே ஆயுதமாகிவிட்டது. எல்லாம் ஒரு தேதிப் பிழையால்!