போர்டு பள்ளியும் கல்வி வரியும்

சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எழுபதைத் தாண்டிய பெரியவர்களிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "போர்டு ஸ்கூல்ல" என்பார்கள். மாவட்ட உள்ளாட்சியாக இருந்த ஜில்லா போர்டு போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பள்ளி வாசலில் பலகை எத்தனையோ முறை மாறிவிட்டது; வாயில் மட்டும் அந்தச் சொல் அழியவில்லை. நம் புறநகர்ப் பள்ளிகள் எப்படிப் பிறந்தன என்ற கணக்கு அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

1920இல் சென்னை மாகாணத்தில் வந்த தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகளுக்குக் கல்வி வரி விதிக்கும் உரிமையைக் கொடுத்தது. ஊரிடம் வசூலித்த காசு ஊர்ப் பள்ளிக்கே போக வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. அமெரிக்கப் புறநகர்களில் பள்ளிகளை நடத்தவென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவும் வீட்டு வரியில் அதற்கொரு பங்கும் இருப்பதை வியந்து பேசுகிறோம். அதற்கு நெருங்கிய ஏற்பாடு ஒன்று நம்மிடமும் இருந்தது. தாலுகா போர்டுகள் 1934இல் கலைக்கப்பட்ட பிறகும் ஜில்லா போர்டு அந்தப் பொறுப்பைச் சுமந்தது. வரி மட்டும் போதவில்லை. ஒருவர் களத்துமேட்டைக் கொடுத்தார், ஒருவர் ஓடு வாங்கித் தந்தார், கோயில் திண்ணையில் முதல் வகுப்பு நடந்தது. இவ்வட்டாரத்தின் பழைய பள்ளிகள் பலவற்றுக்கு இப்படி ஒரு கதை உண்டு.

அப்படி ஒரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். ஓரம் உதிர்ந்து, காடாத்துணி ஒட்டித் தைத்த ஏடுகள். பிறந்த தேதிக் கட்டத்தில் ஜூன் மாதமே வரிசையாக நிற்கிறது. கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயதாயிற்று என்று ஆசிரியரே ஒரு தேதி போட்டுவிடுவார். பக்கத்துக் கட்டத்தில் தகப்பன் தொழில்: விவசாயம், கூலி, தறி. பாதி ஆண்டில் பெயர் அடிக்கப்பட்ட பிள்ளைகளில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளே அதிகம். தார் சுற்ற வீட்டில் ஆள் வேண்டும். எட்டு வயதுக் கை அதற்குப் போதும்.

1953இல் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் நினைக்க முடிந்தது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டவர். நெசவாளியின் பசியை அருகிருந்து பார்த்தவர்தான். ஆனாலும் மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற அந்தத் திட்டம் தறி ஓடும் கிராமங்களில் பிள்ளையைத் தறிக்குழியில் நிரந்தரமாக இறக்கியிருக்கும் என்பதே என் எண்ணம். குலக்கல்வி என்று எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அதன் பின் வந்த பத்தாண்டுகள்தான் இந்தப் பள்ளிகளின் பொற்காலம். 1956இல் மதிய உணவு. நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் மேசை, நாற்காலி, கடிகாரம், கரும்பலகை என்று கொண்டுவந்து குவித்தார்கள். அரசு பாதி, ஊர் பாதி என்ற பழைய வழக்கம் மேடையேறிய காலம் அது. அந்த ஆண்டுகளின் பதிவேட்டில் பெண் பெயர்கள் பெருகுகின்றன. பாதியில் அடிக்கப்பட்ட பெயர்கள் குறைகின்றன.

பிறகு பலகைகள் மாறின. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் ஒன்றியப் பள்ளிகள் வந்தன. 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்தன. 1981இல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். சம்பளம் உறுதியானது பெரிய நன்மை. ஆனால், பள்ளி இனி சர்க்கார் பாடு என்று ஊர் கையை உதறிக்கொண்டதும் அப்போதுதான் என்று தோன்றுகிறது.

ஊரும் அதே ஊராக இல்லை. சேலம் இரும்பாலை 1980களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலமும் கொண்டலாம்பட்டியும் 1994இல் உருவான சேலம் மாநகராட்சியின் மண்டலங்களாயின. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டம். 2024இல் அந்த நகரும் மாநகராட்சியாயிற்று. லாரியும் கோழிப்பண்ணையும் தந்த பணம் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பக்கம் விடுதியுடன் கூடிய தனியார் பள்ளிகளாக எழுந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகத் தமிழகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். 2017இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. மஞ்சள் வேன்கள் நிற்கவில்லை. காட்டை மனையாக்கிக் குடியேறியவர்களின் தெருக்களில் காலை ஏழரைக்கே ஹாரன் சத்தம் கேட்கிறது. அதே தெருமுனையில் நூறாண்டுப் பள்ளி, வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறது.

அந்தத் தெருவாசிகள் கட்டும் சொத்து வரியில் கல்வி வரி என்று ஒரு பங்கு இன்றும் இருக்கிறது. 1920இல் தொடங்கிய வரிசையில் வந்த பணம் அது. ரசீதை வாங்கி மடித்து வைப்பவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளியின் வாசலை மிதித்திருப்பார்கள்? 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. ஆனால், அங்கே பிள்ளை படித்தால்தானே பெற்றோர்!

நான் போன அன்று சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த தாய் ஒருத்தி, மகளின் ஆதார் அட்டையைச் செல்போனில் காட்டினாள். தலைமையாசிரியை தேதியைப் பார்த்து எழுதினார். தாய்மொழிக் கட்டத்தில் 'ஒடியா' என்று நிரப்பினார். பிறகு பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, மெதுவாக எழுதினார்.